பேப்பர் இருக்கா?

அமெரிக்காவில் ஒரு நாய்ப் பதிவேடு இருக்கிறது. பெயர் அமெரிக்கன் பார்டர் கோலி அசோசியேஷன். ஆடு மேய்க்கிற பார்டர் கோலி நாய்களுக்காக 1983-ல் ஆரம்பித்தது. 2004-லிருந்து அதில் ஒரு விசித்திரமான விதி. உங்கள் நாய் அழகுப் போட்டியில் ஜெயித்து 'சாம்பியன்' பட்டம் வாங்கிவிட்டால், அதன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பிறகு அதற்குப் பிறக்கிற குட்டிகளையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். தோற்றால் இல்லை, ஜெயித்தால்!

'சரியான கிறுக்கர்கள்' என்று நீங்கள் சொல்லலாம். இந்த வாரம் அந்தக் கிறுக்கர்கள் பக்கம் நின்று கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். துணைக்கு ஒரு புத்தகம், ஒரு படம். புத்தகம், டொனால்ட் மெக்கேய்க் எழுதி 2007-ல் வந்த 'தி டாக் வார்ஸ்'. படம், ஜெமிமா ஹாரிசன் எடுத்து 2008 ஆகஸ்டில் பி.பி.சி.யில் வந்த 'பெடிக்ரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்' என்ற ஆவணப்படம். இரண்டும் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் அவை கிளப்பிய கேள்வி இன்னும் பழசாகவில்லை. நம்மூரில் குட்டி வாங்கப் போகிற ஒவ்வொருத்தரும் கேட்கிற கேள்விதான் அது: "பேப்பர் இருக்கா?"

"இருக்கு சார். சாம்பியன் பிளட்லைன்" என்று பதில் வரும். கூடவே விலையில் ஒரு பூஜ்யம் ஏறும்.

அந்தப் பேப்பரில் அப்படி என்னதான் இருக்கிறது? நாயின் பதிவுப் பெயர், எண், பிறந்த தேதி, நிறம், வளர்த்தவர் பெயர். அப்புறம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி என்று மூன்று தலைமுறைக்கு வம்சாவளி. பட்டம் வாங்கிய முன்னோர் பெயரைச் சிவப்பு மையில் அச்சடிப்பது பல இடங்களில் வழக்கம். அவ்வளவுதான். நாய்க்குக் கண் சரியாகத் தெரியுமா, இடுப்பு எலும்பு ஒழுங்காக இருக்கிறதா, கடிக்குமா, கூப்பிட்டால் வருமா... இதற்கெல்லாம் அங்கே இடமில்லை. ஜாதகக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமலே பத்திரிகை அடிக்கிற கதைதான்.

இதை நான் வம்புக்குச் சொல்லவில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப்பே ஒப்புக்கொள்கிற விஷயம். எங்கள் சான்றிதழ், இந்த நாய் இன்ன அப்பா அம்மாவுக்கு இன்ன தேதியில் பிறந்தது என்பதை மட்டுமே காட்டும், அதன் தரத்துக்கோ ஆரோக்கியத்துக்கோ நாங்கள் பொறுப்பில்லை என்ற அர்த்தத்தில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள்தான் அதைப் படிப்பதில்லை.

சரி, இந்தப் பேப்பர் எங்கிருந்து வந்தது? 1873-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஏப்ரலில் லண்டனில் கென்னல் கிளப் ஆரம்பமானது. 1859-ல் நியூகாசில் நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்குப் பிறகு கண்காட்சி மோகம் பிடித்து ஆட்டியது. எந்த நாய் யாருடைய நாய், எதற்குப் பிறந்தது என்று குழப்பம், ஏமாற்று. ஒழுங்குபடுத்த ஒரு பதிவேடு தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான். குதிரைப் பந்தயக்காரர்கள் 1791-லேயே இப்படியொரு பதிவேடு அச்சிட்டிருந்தார்கள். அதே வழி.

அதே 1873, அக்டோபர் மாதம். வேல்ஸில் பாலா என்ற சின்ன ஊர். அங்கே ஒரு மேய்ச்சல் நிலத்தில் மேய்ப்பர்கள் தங்கள் நாய்களைக் கூட்டிவந்து ஒரு போட்டி வைத்தார்கள். நாயின் மூக்கு எவ்வளவு நீளம், காது எப்படி மடிகிறது என்று யாரும் அளக்கவில்லை. ஆடுகளை அவிழ்த்துவிட்டு, "எங்கே, ஓட்டிக்கிட்டு வா பார்ப்போம்" என்றார்கள். வேல்ஸில் குடியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் 'ட்வீட்' என்ற நாய் ஜெயித்தது.

ஒரே வருஷம், இரண்டு பாதை. நான் சொல்ல வருவது எல்லாம் இந்த இரண்டு பாதைகளைப் பற்றித்தான்.

மேய்ப்பர்களின் போட்டி எப்படி நடக்கும் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நிற்பார். ஆடுகள் சில நூறு கெஜத்துக்கு அப்பால், மேட்டில். நாய் அவர் காலடியிலிருந்து கிளம்பி, ஆடுகள் மிரளாதபடி பெரிய வளைவாக ஓடி, பின்பக்கமாகப் போய் நிற்க வேண்டும். பிறகு மெல்ல அவற்றைக் கிளப்பி, வழியில் உள்ள தடுப்பு வாசல்களுக்குள் நுழைத்து நேர்கோட்டில் ஓட்டிவர வேண்டும். அடுத்து மேய்ப்பரை விட்டு விலக்கி ஓட்டிப் போக வேண்டும். மந்தையிலிருந்து சொன்ன ஆட்டை மட்டும் பிரிக்க வேண்டும். கடைசியில் பட்டிக்குள் அடைக்க வேண்டும். எல்லாம் சீழ்க்கைச் சத்தத்தில். குரைக்கக் கூடாது, கடித்தால் வெளியே. உயர்மட்டப் போட்டியில் இரண்டு இடங்களில் பத்துப் பத்தாக இருபது ஆடுகள். ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவர வேண்டும். அதில் கழுத்துப்பட்டை கட்டிய ஐந்தை மட்டும் பிரித்து அடைக்க வேண்டும். நம்மில் பல பேருக்குக் கல்யாணப் பந்தியில் நாலு பேரை உட்காரவைக்கவே தெரியாது!

இந்த வேலைக்கு என்ன வேண்டும்? மூச்சு, கால், காது, கண், எல்லாவற்றுக்கும் மேலே புத்தி. ஆட்டை உற்றுப் பார்த்தே நகர்த்துகிற ஒரு பார்வை இந்த நாய்களுக்கு உண்டு. பூனை எலியைப் பார்ப்பது மாதிரி, உடம்பைத் தாழ்த்திக்கொண்டு. 1893-ல் இங்கிலாந்தின் வடக்கே ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஹெம்ப்' என்ற நாய் இதில் மன்னன். எட்டு வருஷம்தான் வாழ்ந்தது. அதற்குள் அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள் எல்லாம் தங்கள் பெட்டை நாய்களை அதனிடம் கூட்டிவந்து நின்றார்கள். பின்னால் வந்த பார்டர் கோலி வம்சாவளிகளை நோண்டிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட எல்லாமே இந்த 'ஓல்ட் ஹெம்ப்'பிடம் போய் முடியும்.

1906-ல் இவர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள்: இன்டர்நேஷனல் ஷீப் டாக் சொசைட்டி. அவர்களும் பதிவேடு போட்டார்கள், அவர்களும் பேப்பர் தந்தார்கள். ஆனால் விதியில் இரண்டு வித்தியாசம். ஒன்று, நாய் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதவே இல்லை. முடி நீளமோ குட்டையோ, காது நிமிர்ந்தோ தொங்கியோ, கறுப்போ பழுப்போ, உங்கள் இஷ்டம். இரண்டு, கதவைப் பூட்டவில்லை. அப்பா பெயர் தெரியாத நாயாக இருந்தாலும், வேலையைச் செய்து காட்டி, கண் பரிசோதனையிலும் தேறிவிட்டால் 'தகுதியின் பேரில்' பதிவேட்டில் சேரலாம்.

இன்னொரு பாதையில் போனவர்கள் கதை என்ன? 'லாஸி' ஞாபகம் இருக்கிறதா? 1943-ல் வந்த படம், அப்புறம் டி.வி. தொடர். நீண்ட முகம், பட்டுப் பட்டாய் ரோமம். அந்த ரஃப் கோலியும் ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்த நாய்களின் வழிவந்ததுதான். விக்டோரியா மகாராணிக்குப் பிடித்துப்போக, பிரபுக்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கிருந்து கண்காட்சி மேடை. ரோமம் அடர்த்தியானது, முகம் குறுகி நீண்டது. பார்வையைப் பாதிக்கிற ஒரு பரம்பரைக் கண் கோளாறு அந்த இனத்தில் வெகுவாகப் பரவியது. இன்றைக்கு ஒரு மேய்ப்பர் நாய் வேண்டுமென்றால் லாஸியைத் தேடிப் போவதில்லை. நூறு வருஷத்தில் இரண்டு பாதைகளும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது மெக்கேய்க் புத்தகத்துக்கு வரலாம். இவர் வர்ஜீனியா மலைப்பகுதியில் ஆடு வளர்த்தவர். நாவலாசிரியர். 'கான் வித் தி விண்ட்' கதையின் ரெட் பட்லரை வைத்து 'ரெட் பட்லர்ஸ் பீப்பிள்' எழுதினாரே, அவரேதான். 2018-ல் காலமானார். பார்டர் கோலியை அமெரிக்கன் கென்னல் கிளப் தன் கண்காட்சி இனங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள முயன்றபோது, மேய்ப்பர்களும் மேய்ச்சல் நாய்ப் பிரியர்களும் "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சண்டை போட்டார்கள். புத்தகம் அந்தச் சண்டையின் கதை.

யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அங்கீகாரம் கொடு என்று போராடுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். எங்களுக்கு அங்கீகாரம் கொடுத்துவிடாதே என்று போராடியவர்கள் இவர்கள். காரணம் எளிமையானது. அங்கீகாரம் வந்தால் கூடவே 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று ஒரு தோற்ற இலக்கணம் வரும். நடுவர் அதைப் பார்த்துப் பரிசு கொடுப்பார். பரிசு வாங்கிய நாயிடம் எல்லாரும் இனம் சேர்ப்பார்கள். சில தலைமுறைகளில் பார்க்க பார்டர் கோலி மாதிரியே இருக்கும், ஆட்டைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாத நாய்கள் ஊரெல்லாம் நிறைந்துவிடும். மந்தையைப் படித்து நடந்துகொள்கிற அந்தப் புத்தி ஒரே ஒரு ஜீனில் உட்கார்ந்திருப்பதில்லை. பல ஜீன்கள் சேர்ந்து அமைந்த கூட்டணி அது. தலைமுறைக்குத் தலைமுறை சோதித்துக் காப்பாற்றாவிட்டால் கலைந்துவிடும். கூட்டணி கலைவது எவ்வளவு சுலபம் என்று நமக்கா தெரியாது?

சண்டையில் மேய்ப்பர்கள் தோற்றார்கள். 1995-ல் அங்கீகாரம் வந்தே விட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 1995-ல்தான் 'பேப்' படம் வந்து, பன்றிக்குட்டிக்கு ஆடு மேய்க்கக் கற்றுக்கொடுத்த பார்டர் கோலியை உலகமே கொஞ்சியது. ஆனால் மேய்ப்பர்கள் தங்கள் பதிவேட்டை விடவில்லை. நான் முதலில் சொன்னேனே, ஜெயித்தால் பெயரை அடிக்கிற விதி, அது அந்தத் தோல்விக்குப் பிறகு அவர்கள் எழுப்பிய சுவர். அழகாக இருப்பது அவர்களுக்குக் குற்றம் இல்லை. அழகுக்காக இனம் சேர்ப்பதுதான் குற்றம்.

புத்தகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மெக்கேய்க் சண்டையைக் கரையில் நின்று பார்த்தவர் இல்லை. களத்தில் இருந்தவர். எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று பார்க்கிற பொறுமையை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. உதாரணமாக, 1976-லேயே பார்டர் கோலியை அங்கீகரித்த இங்கிலாந்து கென்னல் கிளப், மேடையில் ஜெயிக்கிற பார்டர் கோலிக்கு 'ஷோ சாம்பியன்' என்ற அரைப் பட்டம்தான் தருகிறது. முழு 'சாம்பியன்' ஆக மேய்ச்சல் தேர்விலும் தேற வேண்டும். கண்காட்சிக்காரர்கள் எல்லாரும் ஒரே அச்சு இல்லை.

அடுத்து படம். 'பெடிக்ரி டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்' ஒளிபரப்பான பிறகு பிரிட்டனில் ஒரு பூகம்பம். மண்டை ஓட்டுக்குள் மூளைக்கு இடம் போதாமல் வலியில் துடித்த கவலியர் ஸ்பேனியலைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். 1966-லிருந்து 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியை ஒளிபரப்பி வந்த பி.பி.சி., 2009-ல் நிறுத்திவிட்டது. அதே வருஷம் கென்னல் கிளப், அப்பா-மகள், அம்மா-மகன், அண்ணன்-தங்கை சேர்க்கையில் பிறந்த குட்டிகளை இனிமேல் பதிவு செய்ய மாட்டோம் என்று அறிவித்தது. அதாவது அதுவரை செய்து வந்திருக்கிறார்கள்! 2010 ஜனவரியில் விலங்கியல் பேராசிரியர் பேட்ரிக் பேட்சன் தலைமையில் ஒரு விசாரணை அறிக்கையும் வந்தது. ஒரு மணி நேரப் படம் ஒன்று இவ்வளவு செய்ததென்றால் அது சாதனைதான். சந்தேகமே இல்லை.

படத்தில் என்னை அதிகம் உலுக்கியது ரொடீஷியன் ரிட்ஜ்பேக் பகுதி. ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்குப் போன நாய். முதுகில் ரோமம் எதிர்ப்பக்கமாக வளர்ந்து ஒரு கோடு மாதிரி தெரியும். அதுதான் இனத்தின் அடையாளம். சில குட்டிகள் அந்தக் கோடு இல்லாமல் பிறக்கும். அப்படிப்பட்ட குட்டிகளைக் கொன்றுவிட வேண்டும் என்று பிரிட்டனில் இருந்த இனக் கிளப்பின் நெறிமுறையிலேயே அப்போது எழுதியிருந்தது. நெறிமுறையில்! இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தக் கோட்டைத் தருகிற ஜீன்தான், முதுகுத்தோலிலிருந்து உள்ளே தண்டுவடம் நோக்கிக் குழாய் மாதிரி இறங்குகிற ஒரு பிறவிக் கோளாறுக்கும் வழிவிடுகிறது என்று 2007-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். கோடில்லாத குட்டிதான் அந்த ஆபத்து குறைந்த குட்டி. பேப்பருக்குப் பொருந்தவில்லை, அதனால் சாவு.

ஆனாலும் படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதன் வெளிச்சம் பெரும்பாலும் கண்காட்சி மேடை மேலேயே விழுகிறது. பார்த்து முடித்தவுடன் மனசில் என்ன நிற்கிறது? 'பேப்பர் நாய் என்றாலே நோய் நாய்.' இது பாதி உண்மை. ஹெம்ப்பின் பேரப்பிள்ளைகளுக்கும் பேப்பர் உண்டே? அவை மலையேறி ஆடு ஓட்டிக்கொண்டுதானே இருக்கின்றன? ஆகவே குற்றவாளி பேப்பர் இல்லை. அந்தப் பேப்பரை எந்தப் பரீட்சைக்குக் கொடுக்கிறார்கள், அந்தப் பரீட்சையில் என்ன கேட்கிறார்கள், அதுதான் விஷயம். பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்துப் பையனின் குணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எந்தக் கேள்விக்கு மார்க் போடுகிறோமோ, அந்தப் பதிலைத்தான் பையன்கள் மனப்பாடம் செய்வார்கள். நாய்களும் அப்படியே. நாம் எதற்கு மார்க் போடுகிறோமோ அதுவாக மாறுகின்றன. பாவம், அவற்றுக்கு அது பரீட்சை என்றே தெரியாது.

பரீட்சை சரியாக இருந்தும் கெட்டுப்போவது உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட் கதை அப்படி. மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, 1899 ஏப்ரலில் ஒரு கண்காட்சியில் ஆடு மேய்க்கிற நாய் ஒன்றைப் பார்த்தார். சொக்கிப்போய் அங்கேயே வாங்கினார். ஹோராண்ட் என்று புதுப்பெயர் வைத்தார். அதே மாதம் சங்கம் தொடங்கி, பதிவேட்டில் முதலாம் எண்ணை அதற்குக் கொடுத்தார். உபயோகமும் புத்தியும்தான் முக்கியம், அழகு இரண்டாம்பட்சம் என்பது அவருடைய கொள்கை. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு மூன்றுக்கும் தேர்வு வந்தது. இன்றைக்கும் ஜெர்மன் சங்கத்தில் இனம் சேர்க்க இடுப்பு எக்ஸ்ரே, வேலைத் தேர்வு எல்லாம் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் என்ன ஆயிற்று? தேர்வு சடங்காகிவிட்டது. பாஸ் மார்க் வாங்கினால் போதும், உண்மையான போட்டி கண்காட்சியில் என்று ஆனது. முதுகு பின்பக்கம் சரியச் சரியப் பரிசு. 2016-ல் கிரஃப்ட்ஸில், பின்னங்கால்களைச் சரியாக ஊன்ற முடியாமல் நடந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கே அந்த இனத்தின் சிறந்த நாய் என்று பரிசு கொடுத்தபோது, டி.வி. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். வேலைக்கென்று தனியாக வளர்க்கிற ஜெர்மன் ஷெப்பர்டுகள் வேறு ஜாதி மாதிரி நேர் முதுகோடு நிற்கின்றன. ஒரே பெயர், ஒரே பதிவேடு, இரண்டு நாய்.

பேப்பரே வேண்டாம் என்று விட்டவர்களும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் கே.என்.பி.வி. என்று போலீஸ் நாய்ச் சங்கம், 1907-ல் ஆரம்பித்தது. இங்கே சான்றிதழ் வாங்க வம்சாவளிப் பேப்பர் தேவையில்லை. ஆளைத் துரத்திப் பிடிக்க வேண்டும், கம்பால் அடித்தாலும் விடக் கூடாது, "விடு" என்றால் அந்த நொடியே விட வேண்டும், தண்ணீரில் நீந்த வேண்டும். தேறினால் சான்றிதழ். கலப்பு மேலினுவா நாய்கள் இதில் நிறைய. உலகம் பூராவும் போலீஸும் ராணுவமும் இந்த நாய்களை வரிசையில் நின்று வாங்குகின்றன. அதற்காக இவற்றின் வம்சம் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். வம்சத்தை எழுதி வைப்பது நல்லதுதான். அதையே தகுதியாக்குவதுதான் தப்பு.

கதவைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டால்மேஷியனைப் பாருங்கள். ஒரு காலத்தில் குதிரை வண்டிக்குக் கூடவே ஓடிக் காவல் காத்த புள்ளி நாய். இந்த இனம் முழுக்கப் பரவிய ஒரு ஜீன் கோளாறால் உடம்பில் யூரிக் அமிலம் எக்கச்சக்கமாகச் சேரும். சிறுநீரில் கல் வந்து அவதிப்படும். வெளியாளைச் சேர்த்துக்கொள்ளாத பதிவேட்டுக்குள் இதற்கு மருந்தே கிடையாது. ஏனென்றால் உள்ளே இருக்கிற அத்தனை நாய்க்கும் அதே கோளாறு. 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியல் நிபுணர் ஒரு டால்மேஷியனை ஒரே ஒரு தடவை பாயின்டர் நாயுடன் சேர்த்தார். அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியன்களோடு மட்டுமே சேர்த்துக்கொண்டு போனார், நல்ல ஜீனை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாத, ஆரோக்கியமான புள்ளி நாய்கள் பிறந்தன. 1981-ல் இரண்டைப் பதிவு செய்தார்கள். உடனே இனக் கிளப்பில் எதிர்ப்பு, ஓட்டெடுப்பு. கதவு மறுபடி பூட்டு. ஒரு வழியாக 2011-ல்தான் அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது.

கணக்குப் போடுங்கள். மருந்து கையில் இருந்து 38 வருஷம். ஒரு மூதாதை வேற்று இனம் என்பதற்காக.

மேய்ப்பர்கள் பக்கம் பேசுவதாகச் சொன்னேன். அதற்காக அவர்களைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். 1965-ல் சர்வதேசப் பட்டம் ஜெயித்த 'விஸ்டன் கேப்' என்ற நாய் மேல் அவர்களுக்குப் பைத்தியமே பிடித்தது. எல்லாரும் அதனிடமே இனம் சேர்க்க ஓடினார்கள். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் ஊருக்கே ஒரே மாப்பிள்ளை என்றால் ரத்தம் குறுகத்தானே செய்யும்? பார்வையைப் பறிக்கிற பரம்பரை நோயும் அவர்கள் நாய்களில் இருந்தது. வித்தியாசம் இதுதான்: கண் தெரியாத நாயால் மேய்க்க முடியாது, அதனால் அவர்களால் மூடி மறைக்க முடியவில்லை. 1960-களிலேயே கண் பரிசோதனையைக் கொண்டுவந்தார்கள், நோயும் வெகுவாகக் குறைந்தது. இப்போது டி.என்.ஏ. சோதனையும் சேர்ந்துவிட்டது. பரீட்சை நிஜமாக இருந்தால் தப்பு சீக்கிரம் தெரிந்துவிடும் என்பது இதில் உள்ள பாடம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாய்க் கதை, நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டுமே அதன் பதிவேட்டில் இருக்கின்றன. 2005 ஜனவரியில் தபால் துறை ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் போட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய் வாங்குங்கள் என்றார். நல்ல காரியம். கிராக்கி கூடியது. இனி இந்த நாய்களுக்கும் பேப்பர்தான் எல்லாம் என்று ஆகப் போகிறது.

இங்கேதான் எனக்குக் கவலை. இந்த நாய்களுக்குப் பரீட்சை வைத்தது காடும் தோட்டமும். முயலைத் துரத்த வேண்டும், காட்டுப்பன்றியை மறிக்க வேண்டும், ராத்திரி தோட்டத்தில் அந்நிய வாசனை வந்தால் குரல் கொடுக்க வேண்டும். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை போயிற்று. போனது நியாயம்தான், அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் பழைய பரீட்சை போய்விட்டது, புதுசாக எதுவும் வரவில்லை. காலியான அந்த இடத்தில் எது வந்து உட்காரும்? நிறம் வந்து உட்காரும். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. விலை அதற்குத்தான். வெள்ளை நிறத்துக்கும் காது கேளாமைக்கும் தொடர்பு உண்டு என்பது டால்மேஷியன் உட்படப் பல இனங்களில் நிரூபணமான விஷயம். ராஜபாளையத்திலும் காது கேட்காத குட்டிகள் பிறப்பது வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். காவல் நாய்க்குக் காது கேட்காமல், நிறம் மட்டும் பளிச்சென்று இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

வழி இல்லாமல் இல்லை. கர்நாடகத்து முதோல் நாய்களுக்கு ராணுவத்தின் மீரட் மையத்தில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நாட்டு நாய்க்கும் வேலைப் பரீட்சை வைக்க முடியும் என்பதற்கு அது ஆரம்பம். காவல், கீழ்ப்படிதல், ஓட்டம், காது, இடுப்பு ஆகியவற்றைச் சோதித்து, அந்த மார்க்கையும் வம்சாவளிக்குப் பக்கத்தில் அச்சடித்தால் என்ன? வேலையில் தேறுகிற, ஆரோக்கியமான, பேப்பர் இல்லாத கிராமத்து நாய்க்குப் பின்வாசல் இல்லாமல் முன்வாசலையே திறந்துவிட்டால் என்ன? மேய்ப்பர்கள் நூறு வருஷமாகச் செய்வதுதானே?

அதுவரைக்கும் நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை குட்டி பார்க்கப் போனால், "பேப்பர் இருக்கா?" என்று கேளுங்கள், தப்பில்லை. வம்சம் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "அம்மா நாயைக் காட்டுங்க. அது என்ன வேலை செய்யும்? அப்பாவும் அம்மாவும் சொந்தமா? இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீங்களா? காது கேக்குதா?" என்றும் கேளுங்கள். குட்டிக்குப் பின்னால் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

அவர் முகம் சுளித்தால், "வேற இடம் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.